ஒரே கூடையில் இரண்டு பேர்

போன வருஷம் மாங்காய் சீசன் முடிந்த கையோடு, வலது கண்ணில் புரை எடுக்கத் திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிச்சாட்டூர் பக்கம் எங்கள் ஊர். மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். கூட வர யாரும் இல்லை. அதை வெளியில் சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை.

கவுன்டரில் இருந்த பெண் என் அட்டையைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "உங்களுக்கு வலது கண்ணு ஆபரேஷன் முன்னமே ஆயிடுச்சே, பெரிம்மா" என்றாள்.

"என் கண்ணு எனக்குத் தெரியாதா? எதிர்ல நீயே புகை மாதிரிதான் தெரியறே."

"சரி, ஒக்காருங்க. உங்க பொண்ணு நம்பர் இருக்குது, போன் பண்றேன்."

எனக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. அத்தனை பேர் எதிரில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் போய் உட்கார்ந்துகொண்டேன். அது பெரிய தப்பு.

இரண்டு மணி நேரம் கழித்து ஒருத்தி வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். நாயுடுபேட்டையில் கம்பெனி வேலையாம், பாதி ஷிஃப்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். "எங்கம்மா எங்க? போனையும் எடுக்க மாட்டேங்குது!" என்றாள். கவுன்டர் பெண் என்னைக் காட்டினாள். வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது எங்கம்மா இல்லீங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு இந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் பக்கம் கண் முகாம் போட்டு இந்த அட்டையைக் கொடுத்தபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்கும் என் பேர்தான். பிறந்த தேதி கேட்டதும் அவள் டக்கென்று சொன்னாள். என் தேதி எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, அவள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன்.

வேறு வழியில்லாமல் அதைக் கவுன்டரில் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறாரா என்று லட்சக்கணக்கான பேரில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒத்துப் பார்த்தால் வருஷக்கணக்கு ஆகுமாம். அதனால் பேரும் தேதியும் முகாம் நடந்த ஊரும் ஒன்றாக இருப்பவர்களை ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்குள் மட்டும் கம்ப்யூட்டர் பார்க்குமாம். எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று சேர்த்துவிட்டதாம்.

எனக்கு உடனே புரிந்தது. சித்தூர் மாங்காய் மண்டியில் இருபது வருஷம் தரம் பிரித்தவள் நான். லாரி லாரியாக வரும் காயை ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்த்துக்கொண்டா இருப்போம்? ஜாதிக்கு ஒரு கூடை போட்டுத்தான் பிரிப்போம். கூடை சரிதான். காய்தான் பொய் சொல்லியிருக்கிறது.

அதற்குள் வந்தவளுக்கு ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. "எங்கம்மா ஏரிக்கரையில ஆடு மேய்ச்சிக்கினு இருக்குதாம். நான் இங்க உசுரைக் கையில புடிச்சிக்கினு ஓடி வரேன்!" என்று சிரித்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வந்தது வந்துட்டேன். எதனா துன்னியா பெரிம்மா?" என்று கேட்டு இட்லி வாங்கி வந்தாள். டாக்டர் லைட் அடித்துப் பார்த்து, இந்தக் கண்ணை யாரும் தொடவில்லை என்றதும், கூட வந்த ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் கட்டுப் போட்ட கண்ணோடு என்னைக் கைபிடித்து வெளியே கூட்டி வந்தாள். அந்தக் கை சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

கிளம்பும்போது கவுன்டர் பெண் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு, எனக்கு எந்த நம்பர் போடுவது என்று கேட்டாள்.

"என் நம்பரே இருக்கட்டும்" என்றாள் இவள்.

"வேணாம்மா. எனக்கு ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். என்னை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டு, தன் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இப்போது அந்தக் கண் நன்றாகத் தெரிகிறது. அட்டையில் நம்பர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதும் தெளிவாகத் தெரிகிறது. அடுத்தது இடது கண். பிறந்த தேதியில் சொன்ன பொய்யை அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டேன், ஆள் இருக்கிறார்கள் என்று சொன்ன பொய்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.