சூடு பார்க்கிற மச்சினன்

என் மனைவியின் தம்பி பட்டம் எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் அவனுக்கு டிகிரி என்றுதான் பெயர். துப்பாக்கி மாதிரி ஒரு சாமான் வைத்திருக்கிறான். விசையை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த இடத்தில் எத்தனை டிகிரி சூடு என்று காட்டும். லேப்டாப் ரிப்பேருக்கு வாங்கியது. அவன் டீக்கும் பார்ப்பான், சுவருக்கும் பார்ப்பான். என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் புள்ளி வைத்துவிட்டு, "மதர்போர்டா இருந்தா இது ரொம்ப நார்மல்" என்றான். என் மனைவி அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

கடை ஒன்று, தொழில் இரண்டு. வாசல் பக்கம் என் ஜெராக்ஸ் மிஷின், உள்பக்கம் அவன் மேசை, நடுவில் ஒரு அலமாரி. அலமாரிக்கு அந்தப்பக்கம் அவன் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். வேண்டாம் என்றாலும் கேட்கும். பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். எந்த லேப்டாப் வந்தாலும் குற்றவாளி அதைக் கொண்டுவந்தவர்தான். படுக்கையில் வைத்திருப்பார், போர்வை மேல் வைத்திருப்பார், பக்கத்தில் டீ வைத்திருப்பார். விசாரணை சுருக்கமாக முடியும். அறிவுரைதான் நீளும்.

வேலை சுத்தம், அதை நான் மறுக்கவே மாட்டேன். திறக்கிற ஒவ்வொரு மிஷினுக்குள்ளும் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நாளைக்கு வேற எவனாவது கை வெச்சுக் கெடுத்துட்டு என் தலையில கட்டிடக் கூடாது பாருங்க மாமா" என்றான்.

ஒரு காலையில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். துண்டில் சுற்றி ஒரு லேப்டாப்பைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். துண்டை விலக்கினால் கேமிங் லேப்டாப். திறந்து ஆன் செய்தால் கீபோர்டில் ஏழு நிறத்தில் விளக்கு ஓடுகிறது. நான் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாம்.

"பொண்ணு வாங்கிக் குடுத்தது சார். வெளிநாட்டுல நர்ஸா இருக்கா. மொத சம்பளத்துல வாங்கினா" என்றார். "ரெண்டு பேரும் லாரி கேம் ஓட்டுவோம். அவ அங்கேர்ந்து ஓட்டுவா, நான் இங்கேர்ந்து. ஒரே ரோடு. அவ முன்னாடி போவா, நான் பின்னாடி."

"கம்ப்ளெய்ண்ட் என்ன?" என்றான் டிகிரி. குடும்பக் கதை கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"பத்து நிமிஷம் ஓடினா ஃபேன் கத்துது. அப்புறம் ரோடு பூரா கலர் கலரா கட்டம் வருது. அப்புறம் பட்டுனு அணைஞ்சுடுது. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க சார். போன்ல பேசினா சாப்டியா, தூங்கினியான்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். லாரியில போனா ஒரு மணி நேரம் பேசுவா. மனசுல இருக்கறதெல்லாம் சொல்லுவா."

டிகிரி வேலையை ஆரம்பித்தான். முதலில் வேறொரு திரையில் இணைத்துப் பார்த்தான். அதிலும் அதே கட்டம் வந்தது. அப்படியானால் திரையில் கோளாறு இல்லை. அடுத்து, கேமில் படத்தை ஓட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் செட்டிங்கில் நிறுத்தினான். கட்டம் போய்விட்டது, ஆனால் லாரி நகராமல் விக்கிக்கொண்டு நின்றது. கார்டைத் திரும்ப ஓடவிட்டு, துப்பாக்கியால் அடிப்பாகத்தைப் பார்த்தான். எழுபத்தொரு டிகிரி, கை வைக்க முடியாது.

"கிராஃபிக்ஸ் கார்டு போயிட்டிருக்கு. இதுல தனியா கழட்டி மாட்ட முடியாது, போர்டோட சேர்ந்தது. போர்டையே மாத்தணும்."

"சூடு காட்டினா உள்ள விட்டுப்போன சால்டரிங் ஒட்டிக்கும்னு இன்னொரு கடையில சொன்னாங்களே?"

"காட்டலாம். பதினஞ்சு நாள் ஓடும். அப்புறம் மொத்தமாப் போயிடும். அந்த வேலைய நான் பண்றதில்ல." சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். வரப்போவது எனக்குத் தெரியும். "பெட்ல வெச்சு விளையாண்டீங்களா?"

"இல்ல சார். டேபிள்லதான். காத்து போகட்டும்னு அடியில நாலு பாட்டில் மூடிகூட வெச்சிருக்கேன். எட்டு மாசம் முன்னாடி இங்க சர்வீசுக்குக் கொண்டுவந்தப்ப நீங்கதானே சொன்னீங்க?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. இந்தச் சூடு சும்மா வராது சார். மிஷின் பொய் சொல்லாது."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை. துண்டை நாலாக மடித்தார். "இருபது மாடிக்கு லிஃப்ட் பாத்துக்கறேன். இதப் பாத்துக்கத் தெரியல" என்றார். "அவகிட்ட சொல்லணும்." லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு மச்சினன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கடையில் ஏழு பேர் நகல் எடுக்க நின்றார்கள், அவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவன் அதைத் திறந்தான். ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை. அவன் பக்கத்திலிருந்து அவ்வளவு நேரம் சத்தம் வராமல் இருந்தது இல்லை என்பதால் எழுந்து போனேன்.

கார்டின் மெமரி சிப்புகள் மேல் மெத்தென்று சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டுவார்கள். சிப்பின் சூட்டை வாங்கி மேலே இருக்கிற உலோகத் தகட்டுக்குக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. கடையில் வாங்கும்போது பட்டையின் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் அதை உரித்துவிட வேண்டும். டிகிரி ஒரு பட்டையை இடுக்கியில் தூக்கிக் காட்டினான். ஒரு பக்கத் தாள் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. எட்டுப் பட்டையிலும் இருந்தது. சூடு வெளியே போக வழியில்லாமல் சிப்புகள் எட்டு மாசமாக வெந்திருக்கின்றன.

"எந்த முட்டாள் வேலை இது?" என்றேன்.

அவன் இடுக்கியை உள்ளே நீட்டிக் காட்டினான். ஓரத்தில் ஸ்டிக்கர் இருந்தது. தேதி எட்டு மாசத்துக்கு முந்தையது. கையெழுத்து அவனுடையது.

நான் யோக்கியன் வேஷம் போட விரும்பவில்லை. "அந்தத் தாளை உரிச்சுக் குப்பையில போடு மாப்ளே. யாருக்குத் தெரியப்போகுது?" என்று நான்தான் சொன்னேன். "கார்டு எப்படியும் ஒருநாள் போயிருக்கும்."

"போயிருக்காது மாமா" என்றான். "அந்தாளு நாலு மூடி வெச்சிருக்கார்."

சாயங்காலம், டிகிரி போன் போட்டுக் கூப்பிட்டதால் லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து நேராக வந்தார். டிகிரி பட்டை, தாள், தகடு, சிப்பு என்று ஐந்து நிமிஷம் விளக்கினான். அவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் அலமாரி மேல் கைவைத்து நின்றிருந்தேன்.

"சுருக்கமா சொன்னா, கெடுத்தது நான்தான் சார்" என்றான் டிகிரி. "உங்களைத் தப்பா வேற பேசிட்டேன். புது போர்டு நானே போட்டுத் தரேன்."

நானாக இருந்தால் கடை இரண்டாகியிருக்கும். அவர் போர்டு சமாச்சாரத்தைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

"அப்போ நான் வெச்சிருந்த விதத்துல தப்பில்லையா?"

"இல்ல சார்."

"ரொம்ப நேரம் ஓட்டினதாலயும் இல்லையே?"

"அதுக்குத்தான் சார் இந்த லேப்டாப்பே. எவ்வளவு நேரம் வேணா ஓட்டலாம்."

உடனே மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அம்மாடி, நான் கெடுத்துட்டேன்னு சொன்னேன்ல? நான் இல்லையாம்டா. இரு, சாரே சொல்றார், கேளு." போனை டிகிரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

டிகிரி போன் பக்கம் குனிந்தான். "கெடுத்தது நான்தாங்க. உங்கப்பா நல்லாத்தான் வெச்சிருந்தார். மன்னிச்சுடுங்க."

மறுமுனையில் அந்தப் பெண், "போர்டெல்லாம் மெதுவா மாத்துங்க சார், அவசரமில்ல" என்றாள். "நேத்துலேர்ந்து அப்பா ஒண்ணுமே சாப்பிடல. நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. முதல்ல அவருக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க."

நான் மிஷினை அணைத்துவிட்டு வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் டிகிரியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என் மச்சினன் அதில் உட்காரவில்லை.