ஆறு மணிக்குப் போட்ட ரீஸ்டார்ட்

சீர்காழியில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்கிறவன் நான். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் என் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயசீலன் சார் கூப்பிட்டார். ரிட்டயர்டு வாத்தியார், லுத்தரன் சபைக் குடும்பம். லண்டனில் நர்ஸாக இருக்கும் மகளின் குழந்தைக்கு அன்று ஞானஸ்நானம். விசா கிடைக்காததால் இவர்கள் போக முடியவில்லை. மாலை ஆறரைக்கு வீடியோ காலில்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த ஆப்போ திறக்கவே மாட்டேன் என்கிறது.

போய்ப் பார்த்தால், அப்டேட் கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்பதையே அழுத்தி வைத்திருக்கிறார். விடுவேனா? செக்யூரிட்டி அப்டேட் போடாத கம்ப்யூட்டர் தாழ்ப்பாள் இல்லாத வீடு என்று நீளமாகப் பேசினேன். அன்று அவர் கேட்ட இரண்டாவது பிரசங்கம் அது.

அப்டேட் இறங்கி முடிந்து ரீஸ்டார்ட் கேட்டபோது மணி நாலரை தாண்டிவிட்டது. என் கை நின்றுவிட்டது.

“சார், ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. ஆறு மணிக்குப் போட்டுக்கலாம்.”

அவர் மனைவி கிரேஸ் டீச்சர் சிரித்துவிட்டார். “எங்க வீட்டுல ராகு காலமே கெடையாதே, சிவா.”

“கம்ப்யூட்டருக்கு உண்டு டீச்சர். அரை மணி நேரம் தாராளமா போதும்.”

காபி குடித்தேன். முறுக்கும் தின்றேன்.

ஆறு மணிக்கு ரீஸ்டார்ட் கொடுத்தேன். ‘அணைக்க வேண்டாம்’ என்ற எழுத்தோடு வட்டம் சுற்றியது. ஆறேகாலுக்கு முப்பது சதவீதம். அதற்குப் பிறகும் அதே முப்பது. டீச்சர் புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர்களிடம் இருந்தவை பட்டன் போன்கள். “என் போன்ல பாத்துக்கலாம் சார்” என்று கெத்தாக எடுத்து, அவர் மகளைக் கூப்பிடப் போனேன். ‘இந்த ஆப் பழையது, அப்டேட் செய்யவும்’ என்றது. பிரசங்கம் செய்தவனுடைய போன்!

சார் எட்டிப் பார்த்தார். “இதுக்கும் நேரம் பாக்கணுமாப்பா?”

அப்டேட்டை அழுத்திவிட்டு எல்லா சாமியையும் கும்பிட்டேன், அவர்கள் சாமியையும் சேர்த்துத்தான். ஒருவழியாகப் படம் வந்தபோது போதகர் தண்ணீரைக் கையில் எடுத்திருந்தார். குழந்தையின் பெயரைச் சொன்னார்: கிரேஸ். டீச்சருக்கே அது தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன். பின்னால் கம்ப்யூட்டர் அப்போதுதான் சாவகாசமாக விழித்துக்கொண்டது.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் ரீஸ்டார்ட்டை ராகு காலத்தில்தான் போடுகிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நம் ஊரில் அநேகம் பேர் நல்ல காரியம் வைப்பதில்லை. வட்டம் எவ்வளவு நேரம் சுற்றினாலும், எதிரே யாரும் புதுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.