ரப்பர் பாலில் ஒட்டிய ரோசாப்பூ

அம்மா குவைத்திலிருந்து வந்தபோது சொக்லேட்டோடு ஒரு மெஷினும் கொண்டுவந்தார். காகிதம் வெட்டுகிற மெஷின். வேலை செய்த வீட்டு மேடம் புதிது வாங்கியதும் பழையதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாராம். கரண்டில் ஓடும். பூவா, எழுத்தா என்று பொத்தானை அமுக்கினால் அதுவே வெட்டிவிடும். கூடவே ஒரு கட்டு பூப்போட்ட காகிதமும் வந்தது. அந்த மாதிரிக் காகிதம் புளத்கொகுபிட்டிய டவுனில் கிடையாது.

லயத்து வரிசை வீட்டுச் சனமே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வந்து நின்றது. உள்ளே கத்தி கிர்ரென்று ஓடும். ரோசாப்பூ வெளியே வரும்.

"எங்க வீட்டு மனுசனுக்கும் இப்பிடி ஒரு பொத்தான் இருந்தா அமுக்கலாம்" என்றார் அடுத்த காம்பரா அத்தை.

டவுனில் கேக் கடை வைத்திருந்த சிங்கள நோனா, ஒரு பிறந்தநாள் வீட்டை அலங்கரிக்கக் காகித ரோசாப்பூ கேட்டார். நன்றாக இருந்தால் தொடர்ந்து வேலை தருவதாகவும் சொன்னார். சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"இது மட்டும் சரியா வந்துச்சுன்னா நான் திரும்பிப் போகலங்க."

அப்பா தலையை ஆட்டினார். எனக்கும் கேட்டது. ஆனால் எனக்கு ஒரு பூ மிஞ்சுமா என்பதுதான் என் கவலை.

காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டித்தான் மெஷினுக்குள் விட வேண்டும். பிள்ளைகள் நாங்கள் விரல் வைத்து வைத்தே தகட்டில் இருந்த பசை போய்விட்டது. காகிதம் வழுக்கியது. பூ கோணலாக வந்தது. வேடிக்கைக்கும் கோணலுக்கும் போனது போக ஒரு பெரிய தாள்தான் மிச்சம்.

அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்தில் எது பிய்ந்தாலும் ரப்பர் பால்தான். செருப்புக்கும் அதுதான், புத்தக அட்டைக்கும் அதுதான்.

"இதுக்குப் போயி யோசிக்கிறியா? நாளைக்கு ரப்பர் மலையில இருந்து பால் கொண்டாறேன்" என்றார்.

சிரட்டையில் பால் வந்தது. கோழி இறகால் மெல்லிசாகப் பூசினார். தாள் அசையவில்லை. மெஷின் ஒரு பிசிறில்லாமல் வெட்டியது. தாள் முழுக்க ரோசா. அத்தை கைதட்டினார்.

எடுக்கப் போனால் வரவில்லை. இழுத்தால் கிழிந்தது. அப்பா பால் வெட்டும் கத்தியை எடுத்துவந்தார். மரத்துக்கு நோகாமல் பட்டை சீவுகிற கை. வேர்க்க வேர்க்க ஒவ்வொரு பூவாகச் சீவினார். ஒன்றே ஒன்று முழுசாக வந்தது.

"பொறந்தநாள் புள்ளைக்கி ஒத்த ரோசாவையா குடுக்கிறது?" என்று அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அம்மா நோனாவுக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றார் நோனா. பிறகு கூப்பிடவில்லை.

அந்த ஒற்றைப் பூ எனக்குத்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குக் குத்திக்கொண்டு போனேன். வேறு எவளிடமும் அப்படி ஒரு பூ இல்லை.

நத்தார்ப் பண்டிகை கழிந்து அம்மா திரும்பவும் குவைத்துக்குப் போனார். போவதற்கு முன், பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்று அந்தத் தகட்டை மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். இன்னும் இருக்கிறது. பாதி கிழிந்த ரோசாக்கள். பால் பழுத்து மஞ்சளாகிவிட்டது.

அப்பா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வாசல் காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.