நாற்பத்தொரு வீடுகளின் நடுவீடு

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குத் தோ பாயோவிலிருந்து புறப்பட்டேன். பட்டிமன்றத்தில் பேசுவதற்காகச் சிங்கப்பூர் வந்து அது நான்காம் நாள். என்னைத் தன் வீட்டில் தங்கவைத்திருந்த கவிதா, அன்று மாலை எதிரணியில் பேசவிருந்தவள். "என்னைத் தோற்கடிக்க பாயிண்ட் தேடிப் போற, அதுக்கு நானே வழி சொல்லணுமா? நியூட்டன்ல மாறு, அடுத்த ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. ஈஸிலா" என்றாள். ஐந்து கிலோமீட்டர் தொலைவு. டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்; இரண்டு வெள்ளிக்கும் குறைந்த கட்டணம். என் ஊரிலிருந்து புதுக்கோட்டை செல்லப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

என் பையில் ஒரு தாள் இருந்தது. அதில் எங்கள் ஊரின் நாற்பத்தொரு வீடுகளின் வருமானம். குறைந்த வருமானத்திலிருந்து கூடியது வரை வீடுகளை வரிசையில் நிறுத்தினால், இருபத்தொன்றாவதாக நிற்கும் வீட்டின் வருமானமே இடைநிலை வருமானம். ஒரே ஒரு செல்வந்தர் சராசரியை உயர்த்திவிடுவார். இடைநிலையை அவரால் அசைக்க இயலாது. எங்கள் கல்லூரி பத்தாண்டுக்கு முன்பும் ஐந்தாண்டுக்கு முன்பும் இதைக் கணக்கிட்டது. இவ்வாண்டு கணக்கிட்டவள் நான். முறைக்கு முறை எண் ஏறியிருந்தது. கடல்கடந்த உழைப்பு ஊரை உயர்த்தியது என்ற என் வாதத்திற்கு அதைவிட வலிய சான்று வேறில்லை என்று நம்பினேன்.

அந்த இருபத்தொன்றாம் வீடு செல்வி அக்காவுடையது. கணவர் முருகேசன் இங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார். கணக்கை விளக்கியபோது அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேல இருபது, கீழ இருபதா? அப்ப நாங்க யாருக்கும் எளப்பமில்லன்னு சொல்லு" என்றார். ஒரு டப்பா பூண்டு ஊறுகாயைக் கட்டிக் கொடுத்து, கணவர் கையில் சேர்க்கச் சொன்னார். அதைச் சேர்ப்பதும், மேடையில் சொல்ல அந்த மனிதரிடம் ஒரு வாக்கியம் பெறுவதுமே அன்று காலைப் பயணத்தின் நோக்கம்.

பத்தேகால். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை வாசலில் நின்றேன். மல்லிகையும் மீனும் கலந்த மணம். விடுமுறை நாள் ஆண்கள் நடைபாதையோரம் அமர்ந்து கைப்பேசியில் தத்தம் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்கும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்து வந்தவர் முருகேசன். டப்பாவை நீட்டினேன். இடக்கையால் வாங்கினார்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் கொடுப்பதை இடக்கையால் வாங்குவதில்லை. அதுவும் மனைவி கொடுத்தனுப்பியதை. என் முகம் மாறியதை அவர் கண்டிருக்க வேண்டும்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. வலது கை புடிக்காது."

உள்ளே சென்று அமர்ந்தோம். தேநீருக்கு அவரே பணம் கொடுத்தார். என்னைத் தர விடவில்லை. ஏழு மாதங்களுக்கு முன் இரும்புக் கயிறு ஒன்று கையை நசுக்கியதாம். அதன்பின் எடுபிடி வேலைதான், ஓவர்டைம் கிடையாது, சம்பளம் பாதியாகிவிட்டது. அடுத்த மாதம் வேலை பெர்மிட் முடிகிறது. புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சம்பளம் அதேதான், அனுப்பும் பணத்தில் குறைவதை இங்கே பேங்கில் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். செல்வி அக்கா அந்தப் பழைய சம்பளத்தை எனக்குப் பெருமையோடு சொன்னார். நானும் பெருமையோடு எழுதிக்கொண்டேன்.

அவர் தாளைக் கேட்டார். தன் வீட்டைத் தேடி விரல் வைத்தார். "சரியா எழுதுனா எங்க வரும்?"

ஒன்பதாவது என்றேன். அவர் சிரித்தார். "பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு வேகமா எறங்குனதில்ல." பிறகு குரல் தாழ்ந்தது. "அடுத்த மாசம் நானே போய்ச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் அவ இருபத்தொண்ணாவே இருக்கட்டும்மா."

பன்னிரண்டு மணிக்குத் திரும்பும் ரயிலில் கணக்கைத் திருத்தினேன். அவர் வீடு கீழிறங்க, இருபதாவதாக நின்ற வீடு ஓரிடம் மேலேறி நடுவில் நின்றது. இடைநிலை சில நூறு ரூபாய்தான் குறைந்தது. என் வாதத்திற்கு ஒரு கீறலும் இல்லை.

மாலை நான்கு மணிக்கு அரங்கில் நான் ஊர்க் கணக்கை எடுத்துவைத்ததும் கவிதா எழுந்து, "அந்தச் சம்பளங்களை உங்களிடம் சொன்னவர் யார்? அங்கே காத்திருப்பவரா, இங்கே உழைப்பவரா?" என்று கேட்டாள். குறிப்பின்றிப் பேசுவதில் எனக்குச் செருக்கு உண்டு. முருகேசன் பெயரைச் சொல்லாமல், திருத்திய எண்ணை வைத்து விடையளித்தேன்: "ஒரு வீடு வீழ்ந்தாலும் அசையாதது இடைநிலை, அதுவே அதன் வலிமை." அரங்கம் கைதட்டியது. நாங்கள் வென்றோம். கைதட்டல் அடங்குவதற்குள் நினைவுக்கு வந்தது: வெளிநாட்டில் ஆள் இருக்கும் மற்ற ஒன்பது வீடுகளிலும் நான் மனைவியரிடம்தான் கேட்டேன். பத்துப் பேரில் ஒருவர் கையைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில், பட்டிமன்றக் கோப்பையோடு வரிசையில் நின்றேன். இந்நகரில் வரிசைகள் நேரானவை. யார் எங்கே நிற்கிறார் என்பது தெளிவு. என் ஊரின் வரிசையை நான் சரியாக நிறுத்தவில்லை என்பதை அங்கேதான் முழுமையாக உணர்ந்தேன். கைப்பேசி ஒலித்தது. செல்வி அக்கா.

"பாத்தியாம்மா அவர? ஊறுகாய வாங்கிக்கிட்டாரா?"

"வாங்கிக்கிட்டாரு அக்கா" என்றேன்.

எந்தக் கையால் என்று அவர் கேட்கவில்லை.