விற்காத ஒரு ஏக்கர்

அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. ஆனால் அங்கே ஒரு கவுன்டியில் எந்த ஓடை எங்கே திரும்புகிறது, யார் நிலத்தை ஒட்டி யார் நிலம் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒன்பது மாதம் அதை வரைந்திருக்கிறேன். கவுன்டி என்பது நம் ஊர்க் கணக்கில் தாலுகாவைவிடக் கொஞ்சம் பெரியது, மாவட்டத்தைவிடச் சிறியது.

தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் பழைய நிலப் பத்திரங்களைப் படித்து, அதில் எழுதியிருக்கிற எல்லைகளைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கிக் கொடுப்பதுதான் வேலை. நான் சிவில் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்தோடு விட்ட வேலையை, மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனபிறகு மறுபடி பிடித்தேன். மயிலாப்பூரில் கச்சேரி சாலைப் பக்கம் வீடு. லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரத்தில் அலுவலகம்.

அந்தக் கவுன்டிக்குக் கிழக்கே ஆறு எல்லை. மேற்கே மலை என்றும் சொல்ல முடியாத, மேடு என்றும் சொல்ல முடியாத ஒரு நீளமான முகடு. நடுவில் கோர்ட்டுக் கட்டடமும் அதைச் சுற்றி நாலு தெருவுமாக ஒரு சிற்றூர். ஆற்றோரம் நல்ல மண், அதில் புகையிலை போட்டிருக்கிறார்கள். முகட்டுப் பக்கம் வெறும் கல். இடையில் ரயில் வந்தது. பிறகு ரயில் நின்றுபோய், தண்டவாளம் கிடந்த இடத்தை இரண்டு பக்கத்துக்காரர்களும் பாதிப்பாதியாக எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் யாரும் எனக்குச் சொன்ன வரலாறு இல்லை. பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்ததில் தானாகத் தெரிந்துகொண்டது.

பழைய பத்திரங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ‘ஓடைக்கரையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இருபது சங்கிலி சென்று, ஒரு கல் குவியல் வரை...’ சங்கிலி என்றால் சர்வே சங்கிலி. அறுபத்தாறு அடி, நூறு லிங்க், அதாவது கண்ணி. பாலிடெக்னிக் மைதானத்தில் வெயிலில் நாங்கள் இழுத்துக்கொண்டு அலைந்த அதே சங்கிலி. முதல் நாள் அந்த வார்த்தையைத் திரையில் பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது.

மனிதர்களும் அப்படித்தான் பழக்கமானார்கள். ஒரு தகப்பன் நிலத்தை நாலு மகன்களுக்குப் பிரித்துவிட்டு, தன் மனைவி உயிரோடு இருக்கும்வரை மூத்தவன் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். ஏன் அப்படி எழுத வேண்டியிருந்தது என்று அன்று மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மூத்த மருமகளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமே வந்துவிட்டது.

ஆறாவது மாதம் முகட்டுப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே நாற்பது ஏக்கர் துண்டு ஒன்று, மர வியாபாரக் கம்பெனி ஒன்றின் பெயரில் இருந்தது. எல்லைகளை வரைந்து மூடினேன். பரப்பளவு சரியாக நாற்பது ஏக்கர். கடைசிப் பத்திரமும் நாற்பது என்றது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று பத்திரங்களும் அதே எல்லைகளைச் சொல்லிவிட்டு, முப்பத்தொன்பது ஏக்கர் என்றன.

எங்கள் டீம் லீடர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னாக்கா, ஒரே துண்டுல ரெண்டு நாளா குந்திக்கினு கீற? டார்கெட் இன்னான்னு தெரியும்ல?”

“ஒரு ஏக்கர் இடிக்குதுப்பா.”

“கடைசிப் பத்திரத்துல இன்னா போட்டுக்கீது?”

“நாற்பது.”

“அப்போ நாற்பதுன்னு போட்டு மூடிட்டு, அடுத்ததுக்குப் போ. அது அவங்க ஊரு நெலம். நம்முளுக்கு இன்னா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் கேள்வி அவருக்குத்தான் வரும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், வரைய வேண்டிய தேவையே இல்லாத பழைய பத்திரப் புத்தகங்களைத் திறந்து பின்னோக்கிப் போனேன். மூன்றாம் நாள் கிடைத்தது.

அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலையான பதினொரு குடும்பங்கள் சேர்ந்து அந்தக் கல்லு நிலத்தை வாங்கியிருக்கின்றன. வேறு யாருக்கும் வேண்டாத நிலமாக இருந்திருக்கும். ஒரு சர்ச்சும் கட்டியிருக்கிறார்கள். பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில் நிலத்தை விற்றிருக்கிறார்கள். அந்த விற்பனைப் பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: ‘வடமேற்கு மூலைக் கல்லிலிருந்து முகட்டுப் பாதையில் மூன்று சங்கிலி தொலைவில், சர்ச் நிற்பதும் எங்கள் இறந்தவர்கள் இருப்பதுமான ஒரு ஏக்கர் விற்கப்படவில்லை.’ கீழே ஏழு பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது போலிருக்கிறது. பெருக்கல் குறி மட்டும் போட்டிருந்தார்கள்.

அடுத்தடுத்த பத்திரங்களில் அந்த வரி சுருங்கி, வெறும் முப்பத்தொன்பது என்ற எண்ணாக நின்றது. கடைசியில் யாரோ எல்லைகளை மட்டும் கூட்டிப் பார்த்து எண்ணையும் திருத்திவிட்டார்கள்.

வரைபடங்களைச் சரிபார்க்கும் மாமி என் வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார். மயிலாப்பூர்தான் அவரும். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நாப்பதுன்னு போட்டா நான் பாஸ் பண்ண மாட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடு. எங்காத்துலயே பாகப் பத்திரத்துல ஒரு வரி விட்டுப்போய், மாமனார் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சுண்டு இருந்தார். நீ இத கேள்வி ஷீட்ல எழுதி அனுப்பு. பதில் வந்தா வரட்டும்.”

சந்தேகங்களை எழுதி அமெரிக்காவுக்கு அனுப்ப ஒரு ஷீட் உண்டு. பெரும்பாலும் ‘இருப்பதை அப்படியே வரையவும்’ என்றுதான் பதில் வரும். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நாலாவது வாரம், கவுன்டியின் நிலப் பதிவு அலுவலகத்திலிருந்தே ஒரு அம்மா வீடியோவில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர்களுக்குக் காலை ஒன்பது, நமக்கு மாலை ஆறரை. டீம் லீடர் முகம் வெளுத்துவிட்டது. “கம்ப்ளெயின்ட்டாக்கா?” என்று கேட்டுக்கொண்டே எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டுப் பேசினார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்.

“அந்தப் பத்திரத்தை எங்கே கண்டுபிடித்தீர்கள்?”

புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு பெரியவர் என் கவுன்டருக்கு வருவார்,” என்றார் பிறகு. “கறுப்பினத்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் வடக்கே வேலை தேடிப் போய்விட்டது. அவருடைய பாட்டியின் அம்மா முகட்டில் ஒரு சர்ச் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார் என்பார். அந்த இடம் எங்கே என்று கேட்பார். அப்படி ஒரு இடத்துக்குப் பதிவே இல்லை ஐயா என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். பதினாறு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன்.”

டீம் லீடர் முந்திக்கொண்டு தன்னுடைய ஆங்கிலத்தில், “மேடம், நாங்கள் லொகேஷன் கொடுக்கிறோம். நாளைக்கே,” என்றார். அன்று மாலை அவரே உட்கார்ந்து என்னோடு சேர்ந்து அந்த ஒரு ஏக்கரைக் கணக்குப் பண்ணினார். மூலைக் கல், முகட்டுப் பாதை, மூன்று சங்கிலி. பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். சரியாக உட்கார்ந்தது.

மரக் கம்பெனிக்காரர்கள் அனுமதி கொடுத்ததும், அந்த அம்மாவும் ஒரு சர்வேயரும் பெரியவரும் அவருடைய பேத்தியும் போனார்கள். படங்கள் மெயிலில் வந்தன. பைன் மரக்காடு. தரையெல்லாம் ஒரு கொடி படர்ந்து, நீலத்தில் ஐந்து இதழ்ப் பூக்கள். அதற்கு நடுவே முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள். எழுத்து எதுவும் இல்லை. அந்தக் கொடியைப் பழைய காலத்தில் கல்லறைகளில் நடுவார்கள், அதை வைத்துத்தான் சர்வேயர் இடத்தை உறுதி செய்தார் என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

“நித்யகல்யாணி மாதிரின்னா இருக்கு,” என்றார் மாமி.

அதை எங்கள் வீட்டில் சுடுகாட்டு மல்லி என்போம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மெயிலின் கடைசிப் பகுதியை மாமிக்குப் படித்துக் காட்டினேன். பெரியவர் கற்களுக்கு நடுவே நடந்து நடந்து பார்த்தாராம். எது தன் பாட்டியின் அம்மாவுடையது என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது காரில் அவர் பதிவு அலுவலக அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “அந்தப் பத்திரம் உன் அலமாரியிலேயே இருந்திருக்கிறது,” என்றாராம். ‘அவர் சொன்னது நியாயம்தான்’ என்று அந்த அம்மா எழுதியிருந்தார்.

அந்த வாரம் எனக்கு அத்தா ஞாபகமாகவே இருந்தது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்கு முப்பத்தொரு வயதில் அத்தா மவுத்தானார். ராயப்பேட்டை கபர்ஸ்தானில் அடக்கம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் உள்ளே போவதில்லை. கல்லும் வைக்கவில்லை, வெறும் மண்தான். தம்பிக்கு இடம் தெரியும், அவன் போய் துவா கேட்டுவிட்டு வருவான். அதற்கு மேல் நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தம்பிக்கு போன் பண்ணினேன்.

“அத்தா இருக்கிற எடத்த எனக்குக் காட்டுறியா?”

“இன்னாக்கா, திடீர்னு?”

“உள்ள வரல. கேட்டாண்ட நிக்கிறேன். நீ நடந்துக்கினே சொல்லு, நான் வரைஞ்சுக்கிறேன்.”

ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனான். நான் கேட்டுக்கு வெளியே, நடைபாதையில், நோட்டும் பேனாவுமாக நின்றேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தான்.

“நேரா வர்றேன்கா. இருபது அடி... முப்பது. லெஃப்ட்ல வேப்பமரம். அதத் தாண்டி செவுத்துப் பக்கம் ரெண்டாவது வரிசை.” நான் குறித்துக்கொண்டே வந்தேன். “இங்கதான்,” என்றான். பிறகு, “இல்ல, இரு,” என்றான்.

காத்திருந்தேன்.

“அக்கா, இங்க புதுசா நெறைய வந்துக்கீது. போன வருஷமே எனக்குச் சரியாத் தெரியல. உங்கிட்டயும் அம்மாகிட்டயும் தெரியும்னு சொல்லிக்கினு இருந்தேன். எங்கன்னு சரியா தெரியலக்கா.”

குரல் உடைந்துவிட்டது. நாற்பது வயதை நெருங்குகிற ஆள். அத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கடையை அவர் போன மறுவாரமே திறந்து உட்கார்ந்தவன். அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்கலாம், வரவில்லை. இத்தனை வருஷம் அதை ஒருத்தனாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறானே என்றுதான் இருந்தது.

“எந்த வரிசைன்னாவது தெரியுமா?”

கபர்ஸ்தானைப் பார்த்துக்கொள்கிறவர் அங்கே வந்து அவனிடம் ஏதோ கேட்பது போனில் கேட்டது. அத்தா மவுத்தான வருஷத்தை தம்பி சொன்னான். “அந்த வருஷத்து ஆளுங்க எல்லாம் இந்த வரிசைதான் பாய். இந்தச் செவுத்துலேர்ந்து அந்தக் கொழா வரைக்கும்,” என்றார் அவர்.

“போதும்,” என்றேன். “வரிசை மொத்தத்துக்கும் ஓதிட்டு வா.”

அவன் உள்ளே ஓதினான். நான் கேட்டுக்கு வெளியே, போகிற வருகிற பஸ் சத்தத்தில், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்ததை ஓதினேன். பிறகு நோட்டில் அந்த வரிசையைச் சுவரிலிருந்து குழாய் வரைக்கும் ஒரு நீளக் கட்டமாக வரைந்தேன். அவன் வெளியே வந்ததும் எதிர்க்கடையில் டீ குடித்தோம். அத்தா தன் கண்ணாடியைத் தானே உடைத்துவிட்டு வாடிக்கையாளர் மேல் பழி போட்ட கதையை அவன் சொன்னான். நான் அதுவரை கேட்டதில்லை. இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தோம்.

அலுவலகத்தில் அந்தக் கவுன்டி முடிந்து வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஒரு நாள் அந்த அம்மாவிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. பெரியவரின் பேத்தி மனுப் போட்டு, ரோட்டிலிருந்து கல்லறைகள் வரை போக வழி வாங்கியிருந்தாள். அதை வரைபடத்தில் சேர்க்க வேண்டும். டீம் லீடர் அதை என் பெயருக்கே ஒதுக்கினார். “உன் ஏக்கர்தானே, நீயே போட்ரு,” என்றார். பத்தடி அகலப் பாதை. புள்ளிக்கோடாக வரைந்து, ஒரு ஏக்கருக்குத் தனி எண் கொடுத்து, மாமியிடம் அனுப்பினேன். மாமி ஒரே நிமிஷத்தில் பாஸ் பண்ணினார்.

நன்றி சொல்லி அந்த அம்மா எழுதிய மெயிலில் கடைசியாக ஒரு செய்தி இருந்தது. பெரியவர் இப்போது மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டு வருகிறாராம். கற்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறாராம். கவுன்டர் பக்கம் வருவதில்லை. போன வாரம் தபால் ஆபீஸ் வாசலில் அந்த அம்மாவைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு, காலை வணக்கம் சொன்னாராம். அந்த அம்மாவும் சொன்னாராம். அதற்கு மேல் பேச்சில்லை.