தங்கைக்கு இடமில்லை என்றேன்

இன்று குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் மூன்று பேர். நான், கோயமுத்தூரிலிருந்து வந்த என் தங்கை சரசு, அவளைக் கைத்தாங்கலாக இறக்கிய அவள் மகன் முருகேசன்.

போன மாதமே சரசு போனில் கேட்டாள். "அக்கா, தகரக் கூரை கொதிக்குது. பத்து நாள் அங்க வரட்டுங்களா?"

ஒன்பது வருஷத்துக்கு முன் என் பேத்தி காதுகுத்துக்கு வராதவள். "ஊட்டுல இடமில்லை" என்றேன்.

"ராத்திரியும் தகரம் ஆறலீங்க பெரியம்மா. அம்மா அடுப்படியிலயே மயங்கி விழுந்துட்டாங்க. மூணு நாள் ஆஸ்பத்திரி" என்றான் முருகேசன், இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும்.

சரசு சிரித்தாள். "இப்ப இடம் இருக்குதுங்களாக்கா? பாதி ஆளாத்தான் வந்திருக்கறேன்."

திட்ட நினைப்பவர்கள் கமெண்ட்டில் திட்டுங்கள். சமாதானம் மட்டும் வேண்டாம். சரசுவை மன்னித்தாயிற்று. மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான்: பழனியம்மாள், அதாவது நான்.