அண்ணன் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தது எதற்காக

இந்த மலரைக் கையில் வைத்துப் புரட்டுகிறவர்களில் பாதிப் பேர், அண்ணன் அவர்கள் உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர்கள். இன்று முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது, வாருங்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு இதையும் படியுங்கள். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று இரண்டு பேர் எனக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அண்ணனைப் பற்றி நல்லதைத்தான் எழுதப் போகிறேன். உங்களைப் பற்றி அப்படி எந்த வாக்கும் நான் கொடுக்கவில்லை.

அண்ணன் அவர்கள் ரவாங்கில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாற்றலாகி பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுக்கு வந்தபோது, அவருடைய ஒரே தங்கையான நான் கைக்குழந்தை. அப்பா சீக்கிரமே காலமானார், குவாட்டர்ஸும் போனது. அம்மா நாலு வீட்டுத் துணியைத் துவைத்து எங்களை வளர்த்தார். அண்ணன் உபகாரச் சம்பளத்தில் படித்து, கோலாலம்பூரில் பல்கலைக்கழக விரிவுரையாளராகி, டாக்டர் பட்டமும் வாங்கினார். அப்பாவின் அண்ணனான எங்கள் பெரியப்பா அன்றைக்கு மாலையோடு வந்தார். அது மருந்து எழுதும் டாக்டர் இல்லை, குற்றங்களையும் கோர்ட்டு நடைமுறையையும் ஆராய்ந்து வாங்கிய டாக்டர் என்று தெரிந்ததும் அவர் முகம் சுண்டிப் போயிற்று.

“ரவுடிப் பசங்களப் பத்திப் படிக்க யுனிவர்சிட்டி எதுக்கு லா? கிள்ளான் பஸ் ஸ்டாண்டுல நின்னா போதாதா?” என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அண்ணனின் ஆராய்ச்சி என்னவென்று உங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். குற்றச்சாட்டை வாசித்த உடனே நம் பையன்கள் ஏன் ‘ஒத்துக்கிறேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள்? அதுதான் அவருடைய கேள்வி. அதற்காக எண்பதுகளில் வாராவாரம் கிள்ளான் கோர்ட்டுக்குப் போய், கைதான பையன்களின் தாய்மார்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தண்டனை முடிந்து வந்தவர்களைத் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுப்பார். என்ன செய்தாய் என்று கேட்கவே மாட்டார். “அத ஸ்டேஷன்ல மாத்தாவும் கேட்டாச்சு, மாஜிஸ்திரேட்டும் கேட்டாச்சு. ஒத்துக்கச் சொன்னது யாரு, அத மட்டும் சொல்லு தம்பி” என்பார். தாய்மாமன் என்பான் ஒருவன். எஸ்டேட் ஆபீஸ் கிராணி என்பான் இன்னொருவன். கோயில் கமிட்டிக்காரர் என்பான் மற்றொருவன். போலீஸ் அடிக்குப் பயந்தவர்களை விட, வீட்டுப் பெரியவர்களின் மானத்துக்குப் பயந்து ஒத்துக்கொண்டவர்கள்தான் அவர் கண்ணில் அதிகம் பட்டார்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்குக் கொடுப்பார்: நீ சம்மதிக்காமல் நீ சொன்னதை வெளியில் சொல்ல மாட்டேன்.

வாராவாரம் அவரைக் கோர்ட்டில் பார்த்த உறவுக்காரப் புண்ணியவான் ஒருவர், இவர் மேலும் ஏதோ கேஸ் ஓடுகிறது என்று முடிவு கட்டி ஊர் முழுக்கப் பரப்பினார். நிச்சயம் செய்திருந்த செலாயாங் பெண் வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா அழுதார். அதற்குப் பிறகு அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்தப் புண்ணியவான் இன்றும் பந்தியில் இருப்பார், பாயசம் இன்னொரு கரண்டி கேட்பார்.

பிறகு பெரியப்பாவின் மகன் குணா பிடிபட்டான். கிள்ளானில் ஒரு சினிமாக் கொட்டகைக்கு வெளியே நடந்த கைகலப்பு. இவன் பக்கத்தில் நின்றவன், யாரையும் தொடவில்லை. ரவுடி ஆராய்ச்சி என்று நக்கல் அடித்த அதே பெரியப்பா, விடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். “நீ கோர்ட்டே கதின்னு கெடக்குற ஆளாச்சே, வந்து பாருப்பா.” அண்ணன் தெரிந்த வக்கீலிடம் சொல்லி வைத்தார். குணாவிடம், “நீ செய்யாதத ஒத்துக்காதடா. வக்கீல் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத” என்றார். வக்கீல் பக்கத்து கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். அதற்குள் குணாவைக் கூப்பிட்டார்கள். அவன் ஒத்துக்கொண்டான். ஜெயில் என்று தீர்ப்பாயிற்று.

கோர்ட்டு வாசலில், அத்தனை பேர் முன்னிலையில், பெரியப்பா அண்ணனின் சட்டையைப் பிடித்தார். “இவன் பேச்சக் கேட்டுத்தான் என் மவன் ஒத்துக்கிட்டான்! ஆராய்ச்சிக்கு ஆளு வேணும்னு என் புள்ளயவே பலி குடுத்துட்டான்!”

நீங்கள் நம்பினீர்கள். படித்துப் படித்துச் சொன்னேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அண்ணனுக்கு அழைப்பு இல்லை. “பின்ன யாருதாண்ணே ஒத்துக்கச் சொன்னது?” என்று அவரையே பிடித்து உலுக்கினேன். “ஒருத்தன் நம்பிச் சொன்னது. அவனாச் சொன்னாத்தான் உண்டு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மாவும் அவர் மேல் அந்தச் சந்தேகத்தோடுதான் கண்ணை மூடினார். தன் அம்மாவிடம்கூடச் சொல்லாத அந்த நேர்மை மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். அண்ணன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நுரையீரல் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. அப்போதும் மாணவர்களின் கட்டுரைகளைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். சில வருடம் அப்படியே கிடந்து, போன வருடம் போய்ச் சேர்ந்தார்.

அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. தம்பி முறையில் இருப்பவன் குணா ஒருவன்தான். ஜெயிலிலிருந்து வந்த பிறகு தகப்பன் வீட்டுப் பக்கமே போகாமல் ஜெஞ்சாரோமில் லோரி ஓட்டிப் பிழைக்கிறவன். சுடுகாட்டில் நெருப்பை அவன் கையில் கொடுத்தபோது பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஜெயிலுக்குப் போனவன் கொள்ளி வெக்கிறதா? வேற ஆளே இல்லையா?”

குணா திரும்பினான். “அப்பா, அன்னைக்குக் கோர்ட் வராண்டாவுல என் தோளப் புடிச்சி ஒத்துக்கடான்னு சொன்னது நீங்க. அக்கா கல்யாணப் பத்திரிக்க அடிச்சாச்சு, கேஸ் இழுத்தா மானம் போயிரும், ஃபைனோட விட்டுருவாங்கன்னு சொன்னதும் நீங்க. அண்ணன்கிட்ட எல்லாத்தயும் சொல்லி அழுதேன். அப்பா பேரு கெட்டுப் போயிரும், யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணேன்னு கையப் புடிச்சேன். கடைசி வரைக்கும் சொல்லாமலே போயிட்டாரு. நான்தான் கோழ.”

அங்கே நின்ற நீங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தீர்கள். பெரியப்பா காரில் ஏறிப் போய்விட்டார். குணா கொள்ளி வைத்தான்.

அண்ணனைக் குளிப்பாட்டிப் பராமரித்த தாதிகளுக்கு நன்றி. பாடையைத் தோள் மாற்றித் தோள் சுமந்தவர்கள், கிள்ளான் கோர்ட்டில் அவர் சந்தித்த அந்தப் பழைய பையன்கள். இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவர்களுக்கு என் கும்பிடு. குணாவுக்கு நன்றி, இவ்வளவு தாமதமாக வாய் திறந்ததற்கு என் கோபமும் சேர்த்து. அவன் சம்மதத்தோடுதான் இதை அச்சில் ஏற்றுகிறேன்.

பெரியப்பா அவர்கள் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லையாம். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது சத்தமாக வாசித்துக் காட்டவும்.